சாமைக்கொல்லைக்குச் சாலை வசதி உண்டு

ஏழுமலை அண்ணா, நீ இருந்திருந்தால் இந்தக் கட்டுரையின் முதல் வரியிலேயே "சான்று தேவை" என்று ஒட்டியிருப்பாய். என்னைப் பழிவாங்க உனக்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைத்திருக்காது. இப்போது ஒட்டுவதற்கு ஆள் இல்லை. அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

நம் இணையக் கலைக்களஞ்சியத்தில் புதிதாகச் சேர்ந்து, சண்டை தீர்க்கும் குழுவுக்குப் பெயர் கொடுத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம். என் பெயர் பச்சையம்மாள். ஜவ்வாது மலையில் சாமைக்கொல்லை என்கிற ஊர். ஒன்பதாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு வருஷம் அந்தக் குழுவில் இருந்துவிட்டுப் போன மாதம் விலகினேன். இருபத்து நாலு வயதில் ஓய்வு பெற்ற ஆள் நம்மில் நான் ஒருத்திதான் என்று நினைக்கிறேன். போகும்போது, "புதியவர்களுக்கு உங்கள் அனுபவத்தை எழுதிக் கொடுங்கள்" என்று கேட்டார்கள். எந்தப் பொத்தானை அழுத்துவது, கட்டுரையை எப்படிப் பூட்டுவது என்பதெல்லாம் உதவிப் பக்கத்தில் இருக்கிறது. அதை நான் சொல்லப் போவதில்லை. சண்டை போடுகிற இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து நான் செய்த தப்புகளை மட்டும் சொல்கிறேன். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் வேலையே அதுதானே.

முதலில் எங்கள் மரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் தரையில் சிக்னல் கிடையாது. ஊர் நடுவில் இருக்கும் பலா மரத்தின் உச்சியில் மட்டும் கொஞ்சம் கிடைக்கும். அதனால் என் அண்ணன் ஏழுமலை தினமும் காலையில் அவனுடைய பழைய போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, பவர் பேங்கையும் சேர்த்துக் கட்டி, மரமேறி உச்சிக் கிளையில் தொங்கவிடுவான். ஹாட்ஸ்பாட் போட்டுவிட்டு இறங்கி, ஜீப்பை எடுத்துக்கொண்டு ஊர் ஆட்களை ஏற்றி ஒடுகத்தூர் போவான். அவன் ஷேர் ஜீப் டிரைவர். யாருக்கு என்ன வேலை இருந்தாலும் அவன் ஜீப்தான். மிச்சம் இருக்கிற நாங்கள் மரத்தடியில் உட்கார்ந்து அந்த ஒற்றைப் போன் வழியாக உலகத்தோடு பேசுவோம். பத்துப் பதினைந்து அடி தள்ளி உட்கார்ந்தால் இணைப்பு போய்விடும். அதனால் பிடிக்காதவர்கள்கூட முட்டியோடு முட்டி இடிக்கத்தான் உட்கார வேண்டும்.

நான் எழுத வந்ததே ஒரு கோபத்தில்தான். சாமை அரிசியைப் பற்றிய கட்டுரையில், "நீரிழிவு நோயாளிகள் உண்ணும் ஒரு சிறுதானியம்" என்று யாரோ எழுதியிருந்தார்கள். பிறந்ததிலிருந்து அதைத்தான் தின்கிறேன். எனக்கு எந்த நோயும் இல்லை. அழித்தேன். திரும்ப வந்தது. மறுபடி அழித்தேன். மாடு கறப்பதற்குள் பதினோரு தடவை அழித்தேன். பன்னிரண்டாவது தடவை அழிக்க முடியவில்லை. கணக்கை ஒரு நாளைக்குப் பூட்டிவிட்டார்கள்.

பூட்டிய நிர்வாகிக்குப் பெயர் கிடையாது. நம்மில் பல பேரைப் போலத்தான். படத்துக்குப் பதில் ஒரு டீ கிளாஸ் இருக்கும். இன்றைக்கு வரைக்கும் எனக்கு அவர் டீ கிளாஸ்தான். அவர் எழுதியிருந்தார்: "நீங்கள் சொல்வது சரிதான். ஆனால் பதினோரு முறை அழித்ததில் அது சரி என்பது யாருக்கும் தெரியாமல் போய்விட்டது. இனிமேல் கோபம் வந்தால் பதிலை எழுதுங்கள். அனுப்பாமல் வைத்துவிட்டு வீட்டில் ஒரு வேலையை முடித்துவிட்டு வந்து திரும்பப் படியுங்கள்."

அப்படியே செய்தேன். அந்த மாதம் எங்கள் வீட்டில் குத்தாத சாமை இல்லை. பெருக்காத மூலை இல்லை. அம்மா பயந்துபோய்விட்டாள். "இன்னாடி ஆச்சி உனுக்கு? சொல்லாமலே வேல செய்ற, ஒடம்பு கிடம்பு சரியில்லயா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இதுதான் நான் உங்களுக்குச் சொல்லும் முதல் பாடம். பதிலை எழுதுங்கள், வேலையை முடியுங்கள், பிறகு படியுங்கள். பாதியை அழித்துவிடுவீர்கள். வீடும் சுத்தமாக இருக்கும்.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தை விட்ட பிறகு என்னை யாராவது "நீங்கள்" என்று கூப்பிட்ட ஒரே இடம் நம் கலைக்களஞ்சியம்தான். சந்தையில் புளி விற்கும்போது "இந்தாம்மே" என்பார்கள். ஆபீசில் போய் நின்றால் "ஏய், அப்பால நில்லு" என்பார்கள். இங்கே மட்டும் "பச்சையம்மாள் அவர்களே". அதற்காகவே நான் இதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

சரி, சண்டைக்கு வருகிறேன்.

எங்கள் ஊருக்கு ஒரு கட்டுரை உண்டு. நான்தான் தொடங்கினேன். மொத்தம் ஆறே வரி. ஏழாவது வரியைப் பனித்துளி என்ற பயனர் சேர்த்தார். "சாமைக்கொல்லைக்குச் சாலை வசதி உண்டு." கீழே ஒரு அரசுப் பட்டியலைச் சான்றாகக் கொடுத்திருந்தார். அந்தப் பட்டியலில் எங்கள் ஊர் பெயருக்கு நேராக "உண்டு" என்றுதான் இருந்தது. பனித்துளி நல்லவர். எந்த ஊர் கட்டுரையாக இருந்தாலும் பட்டியலைத் தேடி எடுத்து ஒட்டிக்கொண்டே போவார். தப்பாக ஒரு வார்த்தை பேசமாட்டார்.

இரண்டு நாளில் உண்மைவிளம்பி என்று ஒருவர் வந்தார். அந்த வரியை அழித்துவிட்டு எழுதினார்: "ரோடு கிடையாது. இருக்கிறது என்பவர் மழைக்காலத்தில் வந்து பார்க்கவும். வந்தால் திரும்பிப் போக முடியாது."

பனித்துளி திரும்பப் போட்டார். உண்மைவிளம்பி திரும்ப அழித்தார். கட்டுரைக்குப் பின்னால் இருக்கும் உரையாடல் பக்கத்தில் சண்டை முற்றியது. அதைத் தீர்க்கச் சொல்லி என்னிடம் வந்தது.

இங்கேதான் என் முதல் தப்பு. என் ஊர், நானே தொடங்கின கட்டுரை. "எனக்கு வேண்டாம், வேறு யாரிடமாவது கொடுங்கள்" என்று சொல்லியிருக்க வேண்டும். ஊர் விஷயம் ஊர்க்காரிக்குத்தானே தெரியும் என்று பெருமையாக வாங்கிக்கொண்டேன். வாங்கின பிறகு இன்னொரு பயம் வந்தது. ஊருக்குச் சாதகமாகப் பேசுகிறாள் என்று யாராவது சொல்லிவிட்டால்? அதனால் தெரிந்ததையும் தெரியாத மாதிரி எழுத ஆரம்பித்தேன். எங்கள் ஊருக்கு ரோடு இல்லை என்று எனக்குத் தெரியாதா? தார் ரோட்டிலிருந்து ஆறு கிலோமீட்டர் பாறையும் பள்ளமும்தான். மழை வந்தால் அதுவும் ஓடை. தெரிந்துகொண்டே எழுதினேன்: "உண்மைவிளம்பி அவர்களே, தங்கள் கூற்றுக்கு நம்பகமான சான்று அளிக்குமாறு வேண்டுகிறேன்."

பதில் வந்தது: "என் இடுப்பு வலியே சான்று."

"தங்கள் இடுப்பைச் சான்றாக ஏற்க இயலாது" என்று எழுதினேன். இன்றைக்கும் அந்த வரி அந்தப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் போய்ப் பார்க்கலாம்.

எங்கள் ஊரிலிருந்து திருப்பூருக்கு வேலைக்குப் போன யாரோ என்றுதான் நினைத்தேன். அவ்வளவு நல்ல தமிழ். ஒரு சாயங்காலம் அண்ணன் சாப்பிட்டுக்கொண்டே கேட்டான்.

"பச்ச, ஒர்த்தங்க ஒரு பக்கமாவே பேசிக்கினு இருந்தா, அதுக்கு நல்ல தமிழ்ல இன்னா பேரு?"

"பாரபட்சம்."

"இன்னும் கொஞ்சம் கோவமா சொல்லணும்னா?"

"அப்பட்டமான பாரபட்சம்."

"செம்மயா கீது. கொயம்பு ஊத்து."

மறுநாள் உரையாடல் பக்கத்தில், "நடுவர் அப்பட்டமான பாரபட்சத்துடன் நடந்துகொள்கிறார்" என்று இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அண்ணனிடம்தான் போய்ச் சொன்னேன். "எவனோ ஒர்த்தன் என்னப் பாரபட்சம்ன்றான்ண்ணா." அவன் ஜீப் டயரைத் தட்டிப் பார்த்துக்கொண்டே, "வுடு. எதுனா காரணம் இல்லாமயா சொல்வான்?" என்றான். அடுத்த வாரம் மண்டைக்கனத்துக்கு நல்ல தமிழ் கேட்டான். "செருக்கு" என்றேன். அதுவும் வந்தது.

நீங்கள் இந்நேரம் கண்டுபிடித்திருப்பீர்கள். எனக்கு மூன்று வாரம் ஆனது. அதுவும் நானாகக் கண்டுபிடிக்கவில்லை.

பனித்துளிதான் நிர்வாகிகளிடம் புகார் கொடுத்தார். மிகவும் மரியாதையான புகார். "நடுவரும் உண்மைவிளம்பியும் ஒரே வேளையில் வருகிறார்கள், ஒரே வேளையில் போகிறார்கள். இருவரும் ஒரே ஆளோ என்று ஐயப்படுகிறேன்." டீ கிளாஸ் சோதித்துப் பார்த்தார். என் கணக்கும் அந்தக் கணக்கும் ஒரே இணைப்பிலிருந்து வருகின்றன. ஒரே ஆள் இரண்டு வேஷம் போட்டால் நம் இடத்தில் என்ன தண்டனை என்று உங்களுக்குத் தெரியும். "மூன்று நாளில் விளக்கம் வேண்டும். இல்லையென்றால் இரண்டு கணக்கையும் நிரந்தரமாக மூட வேண்டியிருக்கும். அந்த இணைப்பிலிருந்து இனி யாரும் எழுத முடியாது" என்று எனக்கு எழுதினார்.

கணக்கு போனால் நான் திரும்பவும் "இந்தாம்மே" தான். மரத்தடியில் என்னைப் பார்த்து எழுதப் பழகின மூன்று பெண்களுக்கும் கதவு அடைபடும். ஓடிப் போய்ப் பதில் எழுதினேன்.

"நாங்கள் எல்லோரும் ஒரு மரத்திலிருந்து எழுதுகிறோம்."

"மரம் என்றால் எந்த நிறுவனம்?"

"பலா மரம்."

பிறகு, "ஒரு ஊரே ஒரு பலா மரத்திலிருந்து எழுதுகிறதா?" என்று கேட்டார்.

"ஊர் முழுக்க இல்லைங்க. பதினைந்து அடிக்குள் உட்காருகிறவர்கள் மட்டும்."

நம்பவில்லை என்று தெரிந்தது. அப்போதுதான் எனக்கே உறைத்தது. ஒரே இணைப்பு என்றால் உண்மைவிளம்பி திருப்பூரில் இல்லை. இந்த மரத்தடியில், என் முட்டியை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

அன்றைக்குச் சாயங்காலம் மரத்தடியில் ஒன்பது பேர் இருந்தார்கள். நான் நடுவில் போய் நின்றேன்.

"யாருங்க இங்க உண்மைவிளம்பி?"

கோவிந்தன் மாமா நிமிர்ந்து பார்த்தார். பக்கத்து வீட்டுக்காரர். போனில் கோழிச் சண்டை மட்டும் பார்ப்பவர். "அப்டின்னா இன்னாம்மா, மாத்திரயா?"

"பேரு மாமா. யாரோ அந்தப் பேர்ல என்னத் திட்டி எய்துறாங்க."

அண்ணன் போனிலிருந்து தலையை எடுக்காமல், "எவனா இருந்தாலும் நல்லவனாத்தான் இருப்பான். பேர்லயே உண்ம கீதே" என்றான்.

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. உட்கார்ந்தேன். யோசித்தேன். நடுவராக இருப்பவர் செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். நீங்கள் செய்யாதீர்கள். உரையாடல் பக்கத்தில் இப்படி எழுதி அனுப்பினேன்: "உண்மைவிளம்பி அவர்கள் இந்த மலைக்கு ஒருமுறைகூட வந்திராதவர் என்று நடுவர் கருதுகிறார்."

எனக்கு இடப்பக்கம் ஒரு போன் டிங் என்றது. அண்ணன் படித்தான். எழுந்து நின்றான்.

"யார்ரா வந்திராதவன்? தெனம் ரெண்டு வாட்டி ஏறி எறங்கறேன், எலும்பு கயண்டு போச்சி. வந்திராதவனாம்."

மரத்தடியில் எல்லோரும் போனைக் கீழே வைத்தார்கள். கோவிந்தன் மாமாகூடக் கோழிச் சண்டையை நிறுத்திவிட்டார்.

"நீயா?" என்றேன்.

"ஆமா. இன்னா இப்போ?"

"நான்தான் அந்த நடுவர்னு உனுக்கு எப்போ தெரியும்?"

"மொத நாளே தெரியும்."

"தெரிஞ்சிமா என்னப் பாரபட்சம்ன்ன?"

"நீதானமே எட்த்துக் குட்த்த. வூட்ல நான் சொன்னா நீ எதனா கேக்கறியா? 'போண்ணா வேல இல்ல உனுக்கு'ன்ற. அங்க எய்துனா 'அவர்களே, வேண்டுகிறேன்'ன்ற. பொறந்ததுலேர்ந்து நீ எனுக்கு மரியாத குட்த்த ஒரே எடம் அதுதான். எதுக்கு வுடணும்?"

சிரிப்பும் வந்தது, அவன் போனைப் பிடுங்கி எறியவும் தோன்றியது.

நடந்ததை நடந்தபடி டீ கிளாஸுக்கு எழுதினேன். அவர் குரல் அழைப்பில் இரண்டு பேரும் பேச முடியுமா என்று கேட்டார். மறுநாள் மரத்தடியில் என் போனை நடுவில் வைத்து நானும் அண்ணனும் உட்கார்ந்தோம். அந்தப் பக்கம் ஒரு பெண் குரல், பின்னால் குக்கர் விசில். நாலு வருஷமாக ஆம்பளை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் வேற வேற ஆளுன்னு எப்படி நம்பறது?" என்று கேட்டார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன், "மேடம், இவ கூட ஒரே வூட்ல இருக்கறதே கஷ்டம், ஒரே ஆளா வேற இருக்கணுமா?" என்றான். நான் "மேடம், இவன் சொல்றத நம்பாதீங்க" என்றேன். "நீ சும்மா இரு, என்னத்தான கேட்டாங்க" என்றான் அவன். "உன்ன எங்க கேட்டாங்க, ரெண்டு பேரையும் கேட்டாங்க." "ஆமா, நீ நடுவரு, உன்னக் கேக்காம யாரக் கேப்பாங்க." இரண்டு பேரும் ஒரே நேரத்தில் கத்தினோம். குக்கர் இன்னொரு விசில் அடித்தது.

"போதும், போதும்," என்றார் அவர். "ரெண்டு பேருதான். சந்தேகமே இல்ல."

கணக்குகள் தப்பின. ஆனால் அண்ணன் தங்கைக்கு நடுவில் தங்கை நடுவராக இருக்க முடியாது என்று என்னை நகர்த்திவிட்டு அவரே தீர்ப்பு எழுதினார். சான்று உள்ள வரி இருக்கும், சான்று இல்லாத வரி போகும். "சாமைக்கொல்லைக்குச் சாலை வசதி உண்டு" நின்றது. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன். அதற்கு முன்னால் மூன்று வாரம் நான் எழுதினதும் அதைத்தானே.

அடுத்த சந்தை நாள் ஜமுனாமரத்தூர் போக வேண்டும். புளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு ஜீப்பிடம் போனேன். அண்ணன் கதவைத் திறக்கவில்லை.

"ஜீப்ல எடம் இல்ல. உனுக்குத்தான் சாலை வசதி உண்டே. சான்றோட உண்டு. நடந்து போ."

ரோஷத்தில் நடந்தேன். தலையில் கூடை, காலில் கல். அவன் என் பின்னாலேயே முதல் கியரில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தான். உள்ளே பத்துப் பேர் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள்.

கோவிந்தன் மாமா தலையை வெளியே நீட்டி, "ஏத்திக்கயேன்டா, பாவம்டா அது" என்றார்.

"எப்டி மாமா ஏத்தறது? அவ ரோட்ல போறா. நாம ரோடு இல்லாத எடத்துல போறோம்."

இரண்டாவது வளைவில் நான் ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டேன். அவனும் நிறுத்தினான். இறங்கி வந்து கூடையை எடுத்து ஜீப்பின் மேலே கட்டினான். என்னை முன்சீட்டில் தன் பக்கத்தில் உட்கார வைத்தான். கொஞ்ச தூரம் போனதும் கேட்டான்.

"சரி, நெசமாவே கேக்கறேன். சான்றுக்கு இன்னா வேணும்? நான் போட்டோ எட்த்துத் தரட்டா?"

"நாம எட்த்தது செல்லாதுண்ணா. பேப்பர்ல வரணும்."

"பேப்பர்ல வரணும்னா?"

"எதுனா நடக்கணும்."

"அவ்ளோதான. நடக்கும்," என்று சொல்லிக் கியரை மாற்றினான். அவன் எதையும் நினைத்துச் சொல்லவில்லை. அவன் பேச்சே அப்படித்தான்.

ஐப்பசி மழையில் அவனுக்கு வயிற்று வலி வந்தது. முதல் நாள் கஷாயம் குடித்துப் படுத்தான். இரண்டாம் நாள் சுருண்டுவிட்டான். அந்தச் சேற்றில் ஜீப்பை இறக்கத் தெரிந்தவன் எங்கள் ஊரில் ஒரே ஆள்தான். அந்த ஆள் பாயில் கிடந்தான். அன்றைக்குப் போனை மாட்டவும் யாரும் இல்லை. நான் மரமேறினேன். வழுக்கிக்கொண்டே போய் உச்சியில் உட்கார்ந்து ஆம்புலன்ஸுக்குப் பேசினேன். எடுத்தவர் நல்ல விதமாகத்தான் பேசினார். "மேப்ல ஊரு வரைக்கும் ரோடு காட்டுதேம்மா. வண்டி வந்துடும்" என்றார். "வராதுங்க. ரோடு இல்லீங்க" என்றேன். உண்மைவிளம்பி எழுதின அதே வார்த்தையை நான் மரத்தின் மேலிருந்து கத்திக்கொண்டிருந்தேன். கடைசியில் தார் ரோட்டில் நிற்கச் சொன்னேன்.

போர்வையை மூங்கிலில் கட்டி டோலியில் தூக்கினார்கள். மாற்றி மாற்றி எட்டுப் பேர். நான் பக்கத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு போனேன். இரண்டாவது வளைவில், நான் முன்பு உட்கார்ந்த அதே பாறையில் டோலியை இறக்கித் தோள் மாற்றினார்கள். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான்.

"பச்ச, ஒரு போட்டோ எட்த்துக்கோ. உன் சான்றுக்கு ஆவும்."

"சும்மா இருண்ணா."

"சொந்தப் போட்டோ செல்லாதுன்னியே. மாமாவ எட்க்கச் சொல்லு."

தூக்கினவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அவன் கடைசியாகச் செய்த வேலை அதுதான், மழையில் எட்டுப் பேரைச் சிரிக்க வைத்தது. ஆம்புலன்ஸ் தார் ரோட்டில் நின்றுகொண்டுதான் இருந்தது. ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்கு முன்னாலேயே அவன் போய்விட்டான்.

காரியம் முடியும் வரைக்கும் யாரும் மரம் ஏறவில்லை. ஊரே உலகத்தோடு பேசாமல் கிடந்தது. பதினேழாம் நாள் அம்மாதான், "அவன் போன எட்த்துக்கினு போய் மாட்டுடி. புள்ளைங்க இங்கயும் அங்கயும் அலையுதுங்க" என்றாள். ஏறி மாட்டிவிட்டு இறங்கினேன். என் போன் டிங் டிங் என்று அடித்துக்கொண்டே இருந்தது. எங்கள் ஊர்க் கட்டுரையின் உரையாடல் பக்கத்தில் பனித்துளி எழுதியிருந்தார்.

"உண்மைவிளம்பி அவர்களே, நலமா? பல நாட்களாக உங்களைக் காணவில்லை. நீங்கள் சொன்னதற்கு இப்போது நாளிதழில் சான்று கிடைத்துவிட்டது. சாமைக்கொல்லையைச் சேர்ந்த ஒரு வாலிபரை, சாலை இல்லாததால் டோலியில் தூக்கி வந்ததாகவும், அவர் வழியிலேயே இறந்துபோனதாகவும் செய்தி வந்திருக்கிறது. நான் எழுதிய வரியை நானே நீக்கிவிட்டேன். நீங்கள் எழுதியதைச் சான்றுடன் சேர்த்துவிட்டேன். நீங்கள் சொன்னதே சரி. என்னை மன்னித்ததாக ஒரு வார்த்தை எழுதினால் நிம்மதியாக இருக்கும்."

பதிலை எழுதினேன். அனுப்பாமல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாமை குத்தினேன். ஒரு ஆள் குறைந்த வீட்டுக்கு அவ்வளவு அரிசி தேவையில்லை. அம்மா இந்தத் தடவை நெற்றியைத் தொட்டுப் பார்க்கவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து புடைத்தாள். திரும்பி வந்து படித்தேன். பாதியை அழித்தேன். மிச்சத்தை அனுப்பினேன்.

"பனித்துளி அவர்களே, உங்களிடம் சான்று இருந்தது. நீங்கள் தப்பு செய்யவில்லை. உண்மைவிளம்பி இனி எழுத மாட்டார். செய்தியில் இருக்கும் வாலிபர் அவர்தான். என் அண்ணன்."

மூன்றாம் நாள் ஒரு வரி வந்தது. "அவர் என்னைத் திட்டினாரா?"

"தினமும் திட்டினார். நல்ல வார்த்தையெல்லாம் நான்தான் எடுத்துக் கொடுத்தேன்" என்று எழுதினேன். அதற்குப் பிறகு பனித்துளி வாரம் ஒரு தடவை எங்கள் கட்டுரைக்கு வந்து, யாராவது எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுப் போகிறார்.

தம்பி தங்கைகளே, உங்களுக்கு நான் சொல்ல வந்தது இதுதான். சான்று இல்லாத வரியை நீக்குங்கள். நான் இன்னும் அதைத்தான் சொல்வேன். ஆளாளுக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதினால் அது கலைக்களஞ்சியம் இல்லை, எங்கள் மரத்தடி. ஆனால் நீக்குவதற்கு முன்னால் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" மூன்று வாரம் "அவர்களே, அவர்களே" என்று எழுதினேனே, அதை நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அவன் சொல்லியிருப்பான். பிரசவ வலியோடு யாரைத் தூக்கிப் போனார்கள், பாம்பு கடித்து யாரைத் தூக்கிப் போனார்கள் என்று எல்லாம் அவனுக்குத் தெரியும். அதில் ஒன்று முன்பே பேப்பரில் வந்திருக்கிறது. இப்போது தேடினேன், அரை மணி நேரத்தில் கிடைத்தது. அவனுக்குத் தேடத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் தேடவில்லை. நடுவர் தேடக் கூடாது என்று நினைத்துக்கொண்டேன்.

தேடியிருந்தால் ரோடு வந்திருக்கும் என்று சொல்லவில்லை. ஒரு வரி ரோடு போடாது. ஆனால் அவன் ஜெயித்ததை அவன் பார்த்திருப்பான். ஒரு மாதமாவது என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டான். "நடுவர் அவர்களே, சோறு போடவும்" என்றிருப்பான்.

நான் விலகினதற்குக் காரணம் வேறு ஒன்றும் இல்லை. இப்போது எந்த ஊர்க் கட்டுரையில் "சாலை வசதி உண்டு" என்று பார்த்தாலும் என் விரல் அழிக்கப் போகிறது. சான்று இருந்தாலும் போகிறது. அப்படிப்பட்டவள் இரண்டு பேருக்கு நடுவில் உட்காரக் கூடாது. கட்டுரை எழுதுவேன். சண்டைக்கு வர மாட்டேன். மரத்துக்கு இப்போது நான்தான் ஏறுகிறேன். யாருக்காவது எங்கள் இணைப்பில் சந்தேகம் வந்தால் டீ கிளாஸிடம் கேளுங்கள். அவர் சொல்வார், அது பலா மரம் என்று.

போவதற்கு முன்னால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்களுக்கு எந்தச் சாமியோ, அந்தச் சாமியிடம். சாமி இல்லை என்பவர்கள் கண்ணை மூடி அவன் பெயரை ஒரு தடவை சொன்னால்கூடப் போதும். என் அண்ணன் ஏழுமலைக்காக எல்லோரும் வேண்டிக்கொள்ளுங்கள். இப்போது அவன் போகிற வழியாவது நல்ல ரோடாக இருக்கட்டும்.